வழிக்கல்லும் வழிபாடும்

பழங்காலத்து மக்கள் தம் சமய உணர்வைக் கோயில் மதிலுக்குள் மட்டும் அடக்கி வைத்தாரல்லர். ஊர்ப்புறத்தில் இரு வழிகள் கூடுமிடத்தும், ஆற்றைக் கடக்கும் துறையிலும், காட்டுப்பாதை தொடங்கும் எல்லையிலும் கல்லொன்றை நாட்டி, அதில் ஓர் உருவையோ சில எழுத்துக்களையோ பொறித்து, அதற்கு நீரும் மலரும் விளக்கும் இட்டு வந்தனர். தமிழகத்து நடுகல், மலையாள நாட்டுக் கிறித்தவரின் கருங்கற் சிலுவை, ஆங்கில நாட்டின் தென்மேற்கு முனையாகிய கோர்ண்வால் பகுதியின் வழிச்சிலுவை ஆகிய மூன்றும் இவ்வகையின. பெருங்கோயில்களைப் பற்றி நூல்கள் பல எழுந்தமை போலவே இக்கற்களைப் பற்றியும் நூல்கள் எழுந்துள. ஆயினும், அவ்வாராய்ச்சி எம்முறையிற் சென்றது, அது கல்லின் முழுப்பொருளையும் உணர்த்திற்றா என்னும் வினா போதிய அளவு எழுப்பப்பட்டிலது. அவ்வினாவை எழுப்பி, பெறப்படும் விடை கிழக்கிலங்கைக் கரையோரத்துக்கு எவ்வாறு பொருந்தும் என்று காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழிக்கல்லைப் பிற சிற்பங்களினின்று வேறுபடுத்துங் கூறுகள் மூன்று. முதலாவது, கல்லும் அதில் உளியாற் செதுக்கப்பட்ட உருவும் எழுத்தும். இதனை வடிவம் எனலாம். இரண்டாவது, அக்கல் நிற்கும் இடம். வழிச்செல்வோர் கண்ணிற் படவேண்டும் என்னுங் கருத்தாலேயே அஃது அவ்விடத்தில் நாட்டப்பட்டது. வேறோரிடத்துக்குப் பெயர்த்தால் அதே கல் அதே பொருளைத் தருவதில்லை. மூன்றாவது, அக்கல்லுக்குச் செய்யப்படும் கடன். நீராட்டல், விளக்கேற்றல், படையலிடல், ஆண்டுக்கொருமுறை கூடி நினைத்தல் என்பன அக்கடனின் வகைகள். வடிவம், இடம், கடன் என்னும் மூன்றும் ஒருங்கமைந்த வழியே வழிக்கல் முழுமை பெறும். ஆராய்ச்சியாளர் ஒருவரை மதிப்பிடுதற்கும் இதுவே தகுந்த அளவுகோல். அவர் மூன்றையுங் கருதினாரா, ஒன்றைக் கருதி ஏனையவற்றைக் கைவிட்டாரா என்பதே கேட்கத்தக்கது.

மேலைநாட்டிலிருந்து தொடங்குவது பொருத்தம்; ஏனெனில் வழிக்கற்களைத் திரட்டி வகைப்படுத்தும் முறை அங்கேதான் விரைந்து வளர்ந்தது. கோர்ண்வாலின் மேட்டுநிலங்கள் மரமற்றவை, மூடுபனி மிகுந்தவை. அங்கே ஊர்க்கோயிலுக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதைகளின் ஓரத்தில் இடைக்காலத்து மக்கள் கருங்கற் சிலுவைகளை நிறுத்தினர். வட்டமான தலையில் நாற்கை சிலுவை செதுக்கப்பட்ட கற்களே அவற்றுட் பல. அவை வழிதவறாமற் காத்தன, பிணத்தைச் சுமந்து செல்வோர் நின்று இளைப்பாறி வேண்டுதல் செய்தற்கும் இடமாயின, ஊரெல்லைகளையுங் காட்டின. இக்கற்களை ஆதர் லாங்டன் என்பார் நேரிற் சென்று அளந்து, படம் வரைந்து, 1896 இல் பெருநூலாக வெளியிட்டார். சிலுவையின் தலை எவ்வடிவினது, தண்டிற் பின்னல் வேலைப்பாடு உளதா, முடிச்சுக்கள் எத்தகையன என்று ஒழுங்குபெற வகுத்தவர் அவர். இன்றும் அத்துறையில் எழுதுவோர் அவருடைய நூலைத் தாண்டிச் செல்ல முடிவதில்லை.

லாங்டனின் உழைப்புப் போற்றத்தக்கது. ஆயின் அவர் நூல் தோன்றிய காலத்தில் அக்கற்கள் எந்நிலையில் இருந்தன என்பதையும் நோக்க வேண்டும். ஆங்கில நாட்டிற் சமயச் சீர்திருத்தம் எழுந்தபின் சிலுவைக் கற்கள் மூடநம்பிக்கையின் சின்னங்களாகக் கருதப்பட்டன. 1643 இல் பாராளுமன்றமே அவற்றை இடிக்குமாறு கட்டளை பிறப்பித்தது. இலண்டன் நகரின் புகழ்பெற்ற சீப்சைட் சிலுவை அவ்வாண்டிலேயே தகர்க்கப்பட்டது. நாட்டுப்புறச் சிலுவைகள் வேறுவகையாற் சிதைந்தன. உழவர் அவற்றை வேலிக்கதவு தூக்கும் தூண்களாக்கினர். ஓடைகளுக்குக் குறுக்கே பாலமாக இட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பழமையில் ஆர்வங் கொண்ட குருமார் அவற்றைத் தேடியெடுத்துக் கோயில் முற்றத்திலும் தம் இல்லத்துத் தோட்டத்திலும் நிறுத்தினர். கல் பிழைத்தது, இடம் பிழைக்கவில்லை, கடனோ நெடுங்காலத்துக்கு முன்னரே அற்றுவிட்டது. எஞ்சியது வடிவமே. ஆதலின் வடிவத்தை வகுக்கும் நூலே எழுந்ததில் வியப்பில்லை. அம்முறையைக் கடன் இன்னும் அறாத நாடுகளின் கற்களுக்கும் அப்படியே பொருத்துதல் தகுமா என்பதே ஆராயத்தக்கது.

மலையாள நாட்டுச் சிலுவைகளைக் காணும்போது இவ்வேறுபாடு தெளிவாகும். அந்நாட்டின் பழைய சிரியக் கிறித்தவர் கோயில்கள் சிலவற்றின் முன், திறந்த வெளியிற் பீடத்தின்மேல் உயர்ந்த கருங்கற் சிலுவை நிற்கும். குறவிலங்காடு, கடுத்துருத்தி முதலிய ஊர்களில் இத்தகைய சிலுவைகளைக் காணலாம். பீடத்திலே தாமரை இதழ்களும் விலங்குருவங்களும் செதுக்கப்படுவதுண்டு. இந்துக் கோயிலின் முன் நிற்கும் பலிபீடமும் விளக்குத்தூணும் எவ்விடத்தைப் பெறுமோ அவ்விடத்தையே சிலுவையும் பெறுகின்றது. மக்கள் அதன் அடியில் எண்ணெய் விளக்கேற்றுவர். அச்சிலுவையைச் செதுக்கிய சிற்பி தான் கற்ற தொழிலை மாற்றிக்கொள்ளவில்லை. அவன் கைக்குப் பழகிய தாமரையே கிறித்துவின் சின்னத்துக்கும் இருக்கையாயிற்று. இந்நாட்டுச் சமயங்கள் ஒன்றையொன்று அறிந்தும் தழுவியும் வளர்ந்தமைக்கு இக்கல்லினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆனால் அறிஞர் உலகின் கவனம் முற்றும் இத்திறந்தவெளிச் சிலுவைகள்மேற் செல்லவில்லை. அது பெரும்பாலும் பாரசீகச் சிலுவைகள் எனப்படும் சில புடைப்புக் கற்களையே பற்றி நின்றது. 1547 இல் சென்னையை அடுத்த பரங்கிமலையிற் போர்த்துக்கேயர் இத்தகைய கல்லொன்றைக் கண்டெடுத்தனர். கோட்டயத்துப் பெரியபள்ளியில் இரண்டு கற்கள் உள. இவற்றைச் சூழ்ந்து பஹ்லவி என்னும் பழம்பாரசீக எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தென்னிந்திய எழுத்தியலில் வல்லவராகிய பர்ணல் 1873 இல் அவற்றை ஆராய்ந்து எழுதினார். பின்வந்தோர் வேறு வேறாகப் படித்து வேறு வேறு பொருள் உரைத்தனர். அவ்வெழுத்தாராய்ச்சி வரலாற்றுக்கு வேண்டியதே. ஆயின் நூறாண்டுக்கு மேலாக ஒரு வரியின் பொருளுக்காக நிகழ்ந்த விவாதத்தோடு, மழையில் நனைந்தும் எண்ணெயிற் கறுத்தும் நாடோறும் வணங்கப்பட்டு நிற்கும் சிலுவைகளைப் பற்றி எழுந்த ஆய்வை ஒப்பிட்டால், பின்னையதன் சிறுமை புலனாகும். எழுத்துள்ள கல்லுக்கே மதிப்பு, எழுத்தில்லாத கல் ஊமைக்கல் என்னும் எண்ணமே இதற்குக் காரணம்.

ஈழத்திலும் இதற்கோர் எடுத்துக்காட்டுண்டு. 1912 இல் அநுராதபுரத்தில் நிகழ்ந்த அகழ்வின்போது கற்றூணொன்றின் ஒரு பக்கத்திற் குழிவாகச் செதுக்கப்பட்ட சிலுவையொன்று வெளிப்பட்டது. அடியிற் படிகளும், இருமருங்கும் மேலெழும் இலைகளும் அதன் அமைப்பு. முதலில் அதனைப் போர்த்துக்கேயர் காலத்ததெனவே கொண்டனர். 1926 இல் கொட்றிங்டன், ஆறாம் நூற்றாண்டிற் கொஸ்மாஸ் என்னும் கிரேக்க வணிகர் எழுதிய நூலிற் பாரசீகக் கிறித்தவர் இலங்கையில் இருந்தமை கூறப்பட்டிருத்தலை எடுத்துக்காட்டி, இச்சிலுவை அவர்களுடையதாகலாம் என்றார். அக்கருத்தே இன்று பெரிதும் ஏற்கப்படுகின்றது. இவ்விவாதம் முழுவதும் 'இக்கல் யாருடையது' என்னும் ஒரே வினாவைச் சுற்றியே நிகழ்ந்தது. அத்தூண் எக்கட்டடத்தில் நின்றது, அதன்முன் எவர் நின்று தொழுதனர், பௌத்தப் பெருநகரின் நடுவே அவர்கள் அயலாரோடு எவ்வாறு வாழ்ந்தனர் என்னும் வினாக்கள் பின்தள்ளப்பட்டன. உரிமையை வரையறுத்தவுடன் ஆராய்ச்சி முற்றுப்பெற்றதாக எண்ணுதல் பெருங்குறை. பல சமயத்தார் அருகருகே வாழும் நாட்டில் அக்குறை அறிவுலகோடு நில்லாது பகைக்கும் வித்தாகக்கூடும்.

இனித் தமிழர்தம் நடுகல்லை நோக்குவோம். நடுகல்லைப் பற்றிய இலக்கணமே தமிழில் உளது என்பது தனிச்சிறப்பு. தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளைக் கூறும். கல்லைத் தேர்ந்து காணல், அதனைக் கொள்ளுதல், நீராட்டுதல், நாட்டுதல், படையலிட்டுச் சிறப்புச் செய்தல், வாழ்த்துதல் என்பன அவை. இவ்வாற்றுள் உளியின் தொழிலுக்கெனத் தனிநிலை இல்லாமை உற்றுநோக்கத்தக்கது. உருவம் பொறித்தலும் பெயர் எழுதுதலும் நிகழ்ந்தன. எனினும் இலக்கண நூலார் அவற்றைத் துறையாக எண்ணவில்லை. இடமும் கடனுமே அவர் கண்ணுக்கு முதன்மையாகத் தோன்றின. இக்காலத்து ஆராய்ச்சி முறையோ வடிவத்தை முதலில் வைத்து ஏனையிரண்டையும் அடிக்குறிப்பிற் சேர்க்கின்றது.

சங்கச் சான்றோர் பாடல்களும் இதனையே வலியுறுத்துகின்றன. சிற்றூர்ப் புறத்தே நிற்கும் நடுகல்லுக்கு விடியலிற் பலியூட்டி, நீராட்டி, நெய்விளக்கேற்றி, அதன் புகை தெருவெல்லாம் மணக்கும் காட்சியைப் புறநானூறு காட்டும். அதியமான் மறைந்தபின் அவன் கல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள்ளை வார்ப்பதைக் கண்டு நெஞ்சு வெதும்பிய ஔவையாரின் பாட்டும் அந்நூலிலே உளது. அகநானூற்றுப் பாலைப்பாட்டு ஒன்று வேறொரு காட்சியைத் தரும். வழியிற் செல்லும் மறவர் தம் அம்புகளைக் கல்லிலே தீட்டியமையால் எழுத்துக்கள் தேய்ந்துவிட்டன. வழிப்போக்கர் நின்று படிக்க முயன்று, முழுமையும் விளங்காமல் அப்பாற் செல்கின்றனர். கடன் அற்ற கல்லின் நிலையை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது. கோர்ண்வால் உழவன் சிலுவையை வேலித்தூணாக்கியதும், மறவன் நடுகல்லைத் தீட்டுகல்லாக்கியதும் ஒரே வகைச் செயல்களே. காப்பவர் நீங்கினாற் கல் கருவியாகிவிடும்.

நடுகல்லாராய்ச்சியில் இக்காலத்து அறிஞர் செய்த தொண்டு சிறிதன்று. தமிழக அரசின் தொல்பொருளாய்வுத் துறை 1972 இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' என்னும் தொகுதி, பல்லவர் காலம் முதலான கற்களைப் படித்து உலகுக்குத் தந்தது. 2006 இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப்பிராமி எழுத்துடைய நடுகற்கள் மூன்று கண்டுபிடிக்கப்பட்டன. அவை கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தன என்பர். அவற்றுள் ஒன்றில் வரும் 'ஆகோள்' என்னும் சொல் தொல்காப்பியத்திலும் வருவது. எடுத்தனூர்க் கல் இன்னும் நெஞ்சைத் தொடுவது. மகேந்திரவர்மனின் 34 ஆம் ஆட்சியாண்டில் எருமைகளைக் காக்குமிடத்து வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்டது அக்கல். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரும் உருவமும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்தறிஞர் உழைத்திராவிடின் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்நாயின் பெயரை இன்று எவரும் அறியார்.

இங்கே மறுதலையான ஓர் உண்மையையும் மறைத்தலாகாது. தருமபுரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் நடுகற்கள் பல வேடியப்பன் என்னும் பெயரால் இன்றும் வழிபடப்படுகின்றன. ஊரார் அவற்றுக்கு மஞ்சள் பூசிப் பொங்கலிடுவர். ஆயின் அக்கல் யாருக்கு எடுக்கப்பட்டது என்பதைத் தொழுவோர் அறிவதில்லை. தனித்தனி வீரர் பெயரெல்லாம் ஒரே தெய்வத்தின் பெயருள் மறைந்துபோயின. வழிபடுவோர் இடத்தையும் கடனையும் காத்துப் பெயரை மறந்தனர். ஆராய்ச்சியாளர் பெயரை மீட்டு, கல்லைச் சிலவேளை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசென்று, கடனை அறுத்தனர். இருசாரார் பாலும் குறை உண்டு. ஒருவரை ஒருவர் பழிப்பதினும், ஒருவர் குறையை மற்றவர் நிரப்புதலே தக்கது. எண்ணெயும் மஞ்சளும் எழுத்தை மறைக்கும் என்று அஞ்சுவோர், அவ்வெண்ணெயே அக்கல்லை ஆயிரம் ஆண்டுகள் துணிதுவைக்கும் கல்லாகாமற் காத்தது என்பதையும் நினைத்தல் வேண்டும்.

வடிவம், இடம், கடன் மூன்றையும் ஒருங்கே கண்ட நூல் தமிழில் ஒன்றுண்டு. அது சிலப்பதிகாரம். வஞ்சிக்காண்டத்தின் காதைகள் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து, வரந்தருதல் என நடுகல்லின் நிலைகளையே பெயராகப் பெற்றுள்ளன. வீரனுக்கு உரிய இலக்கணத்தை வணிகர்குலப் பெண்ணொருத்திக்கு உரியதாக்கியது இளங்கோவடிகளின் துணிவு. செங்குட்டுவன் இமயத்திற் கல் கொண்டதையும், கங்கையில் நீர்ப்படுத்தியதையும், கனகவிசயர் முடிமேல் ஏற்றியதையும், வஞ்சிக்குக் கொணர்ந்து நாட்டியதையும் அடிகள் விரித்துரைக்கின்றார். கல்லில் வடித்த உருவத்தைப் பற்றியோ சில சொற்களிற் கூறி அமைகின்றார். வரந்தரு காதையில் இலங்கைக் கயவாகு வேந்தன் முதலிய அரசர் தம் நாட்டிலும் எழுந்தருளுமாறு அத்தெய்வத்தை வேண்டுகின்றனர், வரமும் பெறுகின்றனர். அவர்கள் கல்லைக் கேட்கவில்லை என்பது கருதத்தக்கது. அவர்கள் கேட்டது வழிபாட்டையே. கல் வஞ்சியில் நின்றது. கடன் கடல் கடந்தது.

இக்கயவாகு கதையை வரலாற்றுச் செய்தியாகக் கொள்ளலாகாது என்று கணநாத் ஒபயசேகர வாதித்தார். பத்தினி வழிபாட்டைப் பற்றி அவர் 1984 இல் வெளியிட்ட பெருநூல் சிங்களவர், தமிழர் ஆகிய இருசாரார் சடங்குகளையும் ஆராய்வது. வரலாறு பற்றிய அவர் முடிவை ஏற்பினும் மறுப்பினும், அவர் முறை இங்கே பாராட்டத்தக்கது. தெய்வத்தின் வடிவத்தோடு நில்லாது, மக்கள் அத்தெய்வத்துக்கு என்ன செய்கின்றனர் என்பதை அவர் முதற்பொருளாகக் கொண்டார். மட்டக்களப்புத் தமிழரிடையே அப்பணியை முன்னரே தொடங்கியவர் பண்டிதர் வி. சீ. கந்தையா. 1964 இல் வெளிவந்த அவருடைய 'மட்டக்களப்புத் தமிழகம்' கோயில்களை மட்டும் கூறாது விழாக்களையும் பாடல்களையும் வழக்குகளையும் தொகுத்துரைத்தது. அந்நூலிற் கற்களின் அளவுகளை எதிர்பார்ப்போர் ஏமாறுவர். கடனை அறிய விரும்புவோர் பெரும்பயன் பெறுவர்.

கண்ணகியின் கடன் எவ்வளவு உறுதியாகக் காக்கப்பட்டது என்பதற்குச் சம்மாந்துறையைச் சூழ்ந்த நிலப்பரப்பே சான்று. கிழக்கே கடலோரத்திற் காரைதீவும், தெற்கே தம்பிலுவிலும், வடக்கே கல்முனையும் கண்ணகியம்மன் கோயில்களை உடையன. வைகாசித் திங்களிற் கதவு திறந்து, வழக்குரை பாடி, குளிர்த்தி செய்து நிறைவு செய்தல் இப்பகுதியின் பழைய வழக்கம். மதுரையை எரித்த தெய்வத்தின் சினத்தை நீரால் ஆற்றுதலே குளிர்த்தியின் கருத்து. தொல்காப்பியர் கூறும் நீர்ப்படையிலிருந்து இது நேரே வந்தது எனத் துணிதற்கில்லை. ஆயினும் இறந்தோர் நினைவை நீராற் குளிர்வித்துத் தெய்வமாக்கும் அடிப்படைக் கருத்து இரண்டிற்கும் பொது. செங்கத்திற் கல் இருக்கப் பெயரும் பொருளும் மறந்தன. கிழக்கிலங்கையில் இமயத்துக் கல் இன்றியும் பெயரும் கதையும் கடனும் நிலைத்தன. வடிவத்தை மட்டும் அளக்கும் ஆராய்ச்சிக்கு இவ்விரண்டாவது நிலை கண்ணிற் படாமலே போய்விடும்.

இடத்தின் சிறப்பை உணர்த்தும் வழக்கும் இவ்விடத்தே உண்டு. சம்மாந்துறை என்னும் பெயருக்குச் சம்பான் என்னும் படகுகள் வந்தடைந்த துறை எனப் பொருள் கூறுவர். அதனை அடுத்த வீரமுனையிற் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயில் உளது. சீர்பாததேவி என்னும் சோழ இளவரசி ஏறிவந்த மரக்கலம் திருக்கோணமலைக் கடலிலே தடைப்பட, அங்கே கண்ட பிள்ளையார் திருவுருவத்தை ஏற்றி, கலம் எங்கே சென்று நிற்குமோ அங்கே கோயில் எடுப்பதாக நேர்ந்துகொண்டாள் என்பது அக்கோயிலின் வரலாறாக வழங்குவது. இது புராணமாகலாம். எனினும், திருவுருவத்துக்கு உரிய இடத்தை மனிதர் விருப்பம் முடிவு செய்யலாகாது, பயணமே முடிவு செய்யவேண்டும் என்னும் நம்பிக்கை அதிலே தெளிவாக உளது. கல்லைப் பெயர்த்து எங்கும் வைக்கலாம் என்று எண்ணுவோர் இக்கதையின் கருத்தை ஆழ்ந்து நோக்குதல் நன்று.

சம்மாந்துறை இன்று பெரும்பான்மையும் முஸ்லிம் மக்கள் வாழும் ஊர். கல்லுக்கு வழிபாடு செய்தலை அவர்கள் மார்க்கம் ஏற்பதில்லை. ஆகவே வழிக்கல் என்னும் பொருளில் இவர்களுக்கும் அயலாருக்கும் பொதுவானது யாதுமில்லை என்று சிலர் கருதக்கூடும். அக்கருத்துப் பிழையானது. வழிக்கற்களில் வணக்கத்துக்குரியன ஒருவகை. உதவிக்குரியன மற்றொரு வகை. சுமைதாங்கி இரண்டாம் வகையின் தலைசிறந்த எடுத்துக்காட்டு. நிலத்தில் இரு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு கல்லைத் தோளுயரத்திற் கிடத்தி அமைப்பது அது. தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கவும் மீண்டும் ஏற்றவும் அது பயன்படும். சூல்கொண்ட நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அவள் சுற்றத்தார் இதனை அமைப்பது தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் வழக்கமாயிருந்தது. இறக்கி வைக்கப்படாத சுமையோடு சென்றவளுக்காக, வருவோர் போவோரின் சுமையை இறக்கி வைத்தல் என்பது அதன் கருத்து. யாழ்ப்பாணத்திற் சுமைதாங்கியோடு கேணியும், மாடுகள் உடலை உரைஞ்சிக்கொள்ளும் ஆவுரோஞ்சிக் கல்லும், மடமும் ஒருங்கமைந்த இடங்கள் பல இருந்தன. பருத்தித்துறைத் தெருமூடி மடம் அவ்வழிப்பண்பாட்டின் சிறந்த சின்னமாக நிற்கின்றது.

சுமைதாங்கியிற் கடனைச் செய்பவன் வழிப்போக்கனே. அவன் சுமையை இறக்கும் ஒவ்வொரு முறையும் அக்கல்லுக்குரிய சடங்கு நிறைவேறுகின்றது. அவன் எம்மதத்தவன் என்று அக்கல் கேட்பதில்லை. பண்டு இக்கரையோரத்து முஸ்லிம் வணிகர் உப்பும் கருவாடும் பொதிமாடுகளில் ஏற்றித் தவளம் நடத்தி மலைநாட்டுக்குச் சென்று, பாக்கு முதலியவற்றோடு மீண்டனர். நிழலும் நீரும் இளைப்பாறும் இடமும் அவர்களுக்கும் இன்றியமையாதனவாயிருந்தன. வழிச்செல்வோருக்கு நீர் அளித்தலை இஸ்லாம் பேரறமாகப் போற்றுவது யாவரும் அறிந்தது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றம் நிகழ்கின்றது. அப்பெரியார் அடக்கமாகிய இடம் நாகூர். நினைவுக்குரிய இடம் கல்முனைக்குடி. உடல் ஓரிடத்திருக்க நினைவை வேறோரிடத்தில் நிலைநிறுத்தும் பழக்கம் எச்சமயத்தார்க்கும் தனியுரிமை ஆகாது.

இக்கற்களைக் காக்கும் சட்டம் எத்தகையது என்பதும் திறனாய்தற்குரியது. இலங்கையில் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 என்னும் நாளை எல்லையாகக் கொண்டு பழமையை வரையறுக்கின்றது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்ட உடன்படிக்கை நாள் அது. அரசர்தம் நினைவுச் சின்னங்களுக்கு அந்நாள் பொருத்தமான எல்லையாகலாம். சூலியாய் இறந்த ஓர் ஏழைப்பெண்ணின் சுமைதாங்கிக்கு அந்நாளால் யாது பொருள்? அதற்குப் பிந்தியவற்றைக் காக்கத் தனியே கட்டளை பிறப்பிக்க வேண்டியதாகின்றது. வழியோரத்துச் சிறு கற்களுக்காக அங்ஙனம் வேண்டுவோர் சிலரே. இதனால் வீதியை அகலமாக்குங்கால் அவை கேட்பாரின்றிப் பெயர்க்கப்படுகின்றன. வழிக்கல்லின் பகை வழியே ஆகும் நிலை நேர்ந்துள்ளது. நாளை அடிப்படையாகக் கொண்ட சட்டம் வடிவத்தையும் காலத்தையும் நோக்குமேயன்றி இடத்தையும் கடனையும் நோக்காது.

கல்லை இடத்திலேயே விட்டால் மழையாலும் களவாலும் அழியும், ஆதலின் அருங்காட்சியகமே தக்கது என்று கூறுவோர் உளர். அச்சம் நியாயமானதே. ஆயினும் எல்லாக் கல்லுக்கும் அதுவே மருந்தெனக் கொள்ளுதல் தவறு. படியெடுத்தல், அளத்தல், படம்பிடித்தல், நிற்கும் இடத்தைத் திட்டமாகக் குறித்தல், ஊரார் கூறும் வரலாற்றை அவர் சொல்லாலேயே எழுதிக்கொள்ளுதல் ஆகியன முதலிற் செய்யற்பாலன. இவற்றைச் செய்தபின் கல்லை அவ்வூராரிடமே ஒப்படைத்தல் இரண்டாம் நிலை. பேணுவார் எவருமின்றி, அழிவும் உறுதியாயின், அப்போதே பெயர்த்தல் தகும். பெயர்த்த இடத்தில் ஓர் அடையாளமும் நாட்டப்படல் வேண்டும். ஆராய்ச்சிக்கு இதனால் இழப்பில்லை. ஊருக்குப் பெரும்பேறு உண்டு. இப்பணிக்குப் பேரறிஞரே வேண்டும் என்பதுமில்லை. ஊர்ப்பாடசாலை மாணவரும் ஆசிரியரும் தம் சுற்றுப்புறத்து வழிகளில் நடந்து செய்யக்கூடிய பணியே இது.

இவ்வாராய்ச்சி பழமையை மட்டும் பற்றியதென எண்ணலாகாது. 2004 டிசம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் அம்பாறை மாவட்டத்திலேயே மிகுதியான உயிர்களைக் கவர்ந்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, திருக்கோவில் எனக் கரையோர ஊர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் ஒரே காலைப்பொழுதில் மாண்டனர். அவர்கள் நினைவாகக் கரையோரத்திற் கற்களும் தூண்களும் எழுப்பப்பட்டன. அவை இக்காலத்து நடுகற்கள். அவற்றின் வடிவம் எளியது. இடமோ கடலை நோக்கியது. அவற்றுக்குரிய கடன் யாது, அதனை எவர் எவ்வாறு செய்வது என்பதே இனி முடிவு செய்யப்பட வேண்டியது. ஒருவர் விளக்கேற்றலாம், ஒருவர் இறைவனிடம் கையேந்தி வேண்டலாம், ஒருவர் வெறுமனே நின்று பெயர்களைப் படித்துச் செல்லலாம். இவற்றுள் எதுவும் நிகழாதொழியின், அகநானூற்றுப் புலவர் கண்ட தேய்ந்த கல்லின் நிலையே அவற்றுக்கும் வரும்.

ஆதலின், வழிக்கல்லை ஆராய்வோர் 'இது எக்காலத்தது, யாருடையது' என்பவற்றோடு 'இது ஏன் இவ்விடத்தில் நிற்கின்றது, இதற்கு இன்று யார் என்ன செய்கின்றனர்' என்பவற்றையும் ஒத்த மதிப்போடு கேட்டல் வேண்டும். லாங்டனின் அளவுகோலும், எழுத்தறிஞரின் கூரிய கண்ணும், பண்டிதர் கந்தையாவின் செவியும் ஒருங்கே அமைந்த ஆராய்ச்சியே இத்துறைக்கு வேண்டுவது. கற்றூணிற் செதுக்கிய சிலுவையாயினும், வில்லேந்திய வீரன் நிற்கும் நடுகல்லாயினும், எழுத்தேயில்லாத சுமைதாங்கியாயினும், அதனை நாட்டியவர் வழிச்செல்வோரை நம்பியே நாட்டினர். அந்நம்பிக்கையைக் காத்தல் கற்றோர் கடனாகும்.